டேக்: கொள்ளையர் உழவரானபோது வந்த வினைச்சொல்

ஆங்கிலத்தின் கொடுக்கல் வாங்கல் மூன்று வினைகளுக்குள் அடங்கிவிடுகிறது. கொடுப்பதற்கு கிவ், பெறுவதற்கு கெட், எடுத்துக்கொள்வதற்கு டேக். இந்த மூன்றையும் தொடாமல் ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம்கூடப் பேச்சை ஓட்ட முடியாது. ஆனால் மூன்றிலுமே வெளியார் கை இருக்கிறது. கிவ் என்ற வினை பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. அது அப்படியே வளர்ந்திருந்தால் இன்று 'யிவ்' என்று ஒலித்திருக்கும். அதற்கு இன்றைய 'க' ஒலியைத் தந்தது, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி வந்த வைக்கிங்குகளின் பேச்சு. கெட் தனி வினையாக அவர்களிடமிருந்தே வந்தது. டேக்கோ வேர் முதல் நுனி வரை அவர்களுடையது.

இது சாதாரண விஷயம் இல்லை. புதிய பொருள் வந்தால் அதன் பெயரும் கூடவே வருவது எல்லா மொழியிலும் நடப்பதுதான். போர்த்துகீசியர் வந்தபோது நமக்கு அலமாரி, சாவி, மேஜை, ஜன்னல் எல்லாம் வந்தன. ஆனால் தின்பது, தூங்குவது, எடுப்பது போன்றவற்றுக்கு யாரும் வெளியே போய்ச் சொல் வாங்குவதில்லை. அவை வீட்டிலேயே இருக்கும். பழைய ஆங்கிலத்திலும் எடுப்பதற்கு நல்ல சொல் ஒன்று இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் அயல்மொழி வினை ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. எப்படி நடந்தது என்பதற்கு 9ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

கி.பி. 793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை வைக்கிங்குகள் சூறையாடினார்கள். அப்புறம் பல பத்தாண்டுகள் வருவதும் அடிப்பதும் அள்ளிக்கொண்டு போவதுமாகவே கழிந்தன. 865இல் வந்த பெரும்படை திரும்பிப் போகவில்லை. அடுத்த ஆண்டே யார்க் நகரைப் பிடித்தது. 878இல் எடிங்டன் போரில் ஆல்ஃப்ரெட் மன்னர் அவர்களைத் தோற்கடித்தார். துரத்திவிட முடியவில்லை, கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளத்தான் முடிந்தது. கோட்டுக்கு வடக்கிலும் கிழக்கிலும் இருந்த நிலப்பரப்புக்கு டேன்லா என்று பிற்காலத்தில் பெயர் வந்தது. டேனியர் (வைக்கிங்குகளை அன்றைய ஆங்கிலேயர் அழைத்த பெயர்) சட்டம் செல்லும் பகுதி என்று பொருள்.

நம் கதைக்கு இந்தப் போர்களைவிட முக்கியமான ஆண்டு 876. அந்த ஆண்டைப் பற்றி, நிகழ்ச்சிகளை ஆண்டு வாரியாகப் பதிந்த ஆங்கிலோ-சாக்சன் ஆண்டேடு ஒரு சின்னக் குறிப்பு எழுதிவைத்திருக்கிறது: ஹால்ஃப்டான் என்ற படைத்தலைவர் வட இங்கிலாந்தின் நார்தம்பிரியா நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார், அவர்கள் உழுது பிழைக்கத் தொடங்கினார்கள். கத்தியோடு வந்தவன் ஏர் பிடித்த கணம் அது. கொள்ளைக்காரனிடமிருந்து ஒரு மொழி பெயர்ச்சொல் வாங்கலாம், வினைச்சொல் வாங்காது. பக்கத்து வயல்காரனிடம், சந்தையில் மாடு விற்பவனிடம், பெண் கட்டிய வீட்டில்தான் வினைச்சொல் கைமாறும். டார்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று 'பி'யில் முடியும் ஊர்ப்பெயர்கள் இன்றும் அந்தக் குடியேற்றத்தின் தடம். 'பி' என்றால் அவர்கள் பேச்சில் ஊர் அல்லது பண்ணை.

இன்னொரு வசதியும் இருந்தது. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸும் பழைய ஆங்கிலமும் நெருங்கிய பங்காளிகள். வீடு, மகன், வா, கேள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சொற்கள், விகுதிகள்தான் வேறு. தமிழனும் மலையாளியும் கொஞ்சம் நிதானமாகப் பேசினால் சமாளித்துக்கொள்வதைப் போல இரு தரப்பும் சமாளித்திருப்பார்கள் என்பது பல மொழியியலாளர்களின் ஊகம். அவர்கள், அவர்களுடைய என்று சொல்லும் தே, தேர் போன்ற பிரதிப்பெயர்களே நார்ஸிலிருந்து வந்தவை என்றால் கலப்பு எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வானத்துக்கு ஸ்கை, முட்டைக்கு எக், கத்திக்கு நைஃப், கணவனுக்கு ஹஸ்பண்ட், சாவதற்கு டை எல்லாம் அதே கணக்கில் சேரும்.

சரி, இடம் இழந்த பழைய சொல் எது? நிமன். ஜெர்மனில் இன்றும் எடுப்பதற்கு நேமன்தான், டச்சிலும் அதே வேரில்தான் வினை. நிமனின் இறந்தகாலம் நம். ஆங்கிலம் தன் போக்கில் வளர்ந்திருந்தால் இன்று நாம் பள்ளியில் டேக், டுக், டேக்கன் என்பதற்குப் பதில் நிம், நம், நம் என்று ஒப்பித்திருப்போம்.

நிமன் உடனே தோற்றுவிடவில்லை. நார்ஸ் வினையின் பெயர் டக்கா. 11ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தில்தான் அது ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. வந்தவர்கள் குடியேறி இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு! அவ்வளவு காலமும் அது வாய்ப்பேச்சிலேயே வாழ்ந்திருக்க வேண்டும். எழுதுகிறவர்கள் மடத்துத் துறவிகள். எழுத்து மொழியின் தரத்தைத் தீர்மானித்தது தெற்கே இருந்த வெசெக்ஸ் என்ற நாடு. வடக்கத்திப் பண்ணைக்காரன் பேச்சை ஏட்டில் ஏற்ற அவர்களுக்கு என்ன அவசரம்?

பீட்டர்பரோ மடத்தில் எழுதப்பட்ட ஆண்டேடு 1154 வரை வருகிறது. அதில் 1137ஆம் ஆண்டுக் குறிப்பு பிரபலமானது. ஸ்டீபன் மன்னரின் பலவீனமான ஆட்சியில் பிரபுக்கள் கோட்டை கட்டிக்கொண்டு, கையில் காசு இருக்கும் என்று சந்தேகம் வந்த ஆட்களையெல்லாம் பிடித்துப்போய் வதைத்ததை அந்தத் துறவி கொதித்துப்போய் எழுதுகிறார். பிடித்தார்கள் என்று சொல்லும் இடத்தில் அவர் எழுதிய சொல் 'நாமன்'. பீட்டர்பரோ டேன்லா பகுதிக்குள் இருக்கும் ஊர். அங்கேயே, 12ஆம் நூற்றாண்டின் நடுவிலும் பழைய வினை உயிரோடு இருந்தது. அதே நூற்றாண்டில் லிங்கன்ஷயரில் ஓர்ம் என்ற துறவி எழுதிய நீண்ட சமயச் செய்யுளில் இரண்டு வினைகளும் வருகின்றன. ஓர்ம் என்பதே பாம்பு என்று பொருள்படும் நார்ஸ் பெயர். இன்னும் தெற்கே, கென்ட் பகுதியில், 1340இல் எழுதப்பட்ட நூலில்கூட நிம்தான் ஆட்சி செய்கிறது. 1400இல் இறந்த கவிஞர் சாசரின் லண்டன் ஆங்கிலத்துக்கு வந்தால் டேக் ஏறக்குறைய ஜெயித்துவிட்டது. வடக்கிலிருந்து தெற்கே, ஆமை வேகத்தில், முந்நூறு ஆண்டு இழுபறி. இந்த இரண்டு வினைகளின் போட்டியை முக்கியமாக வைத்து அலாரிக் ரினெல் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் 1948இல் ஒரு முழு ஆய்வு வெளியிட்டார். ஒவ்வொரு பழைய நூலிலும் எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணிய பொறுமை அவருடையது.

இதில் எனக்கு மிகவும் வியப்பான இடம் டுக் என்ற இறந்தகாலம். கடன் வாங்கிய வினை பொதுவாகப் புதிய வீட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, ஒழுங்கான விகுதியோடுதான் நடமாடும். ஆங்கிலத்தில் பின்னால் வந்த பிரெஞ்சு வினைகள் பெரும்பாலும் பேசாமல் 'எட்' விகுதி போட்டுக்கொண்டன. டக்கா அப்படி வரவில்லை. நார்ஸில் அதன் இறந்தகாலம் டோக். அந்த ஒழுங்கற்ற வடிவத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது. வர முடிந்ததற்குக் காரணம், அதே தாளத்தில் நடக்கும் ஷேக், ஷுக், ஷேக்கன் போன்ற சொந்த வினைகள் ஆங்கிலத்தில் முன்பே இருந்தன. அச்சு தயாராக இருந்தது. புதிய சொல் அதில் போய்ப் பொருந்திக்கொண்டது. பிறகு 15ஆம் நூற்றாண்டு தொடங்கி நடந்த பெரும் உயிரொலி மாற்றத்தில் 'டாக்' என்று ஒலித்தது 'டேக்' ஆனது, 'டோக்' என்பது 'டூக்' ஆகி, பின் 'டுக்' என்று குறுகியது.

தொட்டது யார்?

டக்காவின் ஆதிப் பொருள் எடுத்தல் இல்லை, தொடுதல். இதற்கு நல்ல சாட்சி, ஜெர்மானியக் குடும்பத்தில் நீண்ட எழுத்துச் சான்று உள்ள மொழிகளில் மிகப் பழையதான கோத்திக். 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற பேராயர் விவிலியத்தைக் கோத்திக்கில் மொழிபெயர்த்தார். அதன் முக்கியப் பிரதி ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதப்பட்டது; இன்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மாற்கு 5ஆம் அதிகாரத்தில், பெரும்பாடுள்ள ஒரு பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். அவர் திரும்பி, "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்?" என்று கேட்கிறார். கோத்திக்கில் அந்தக் கேள்வி: "ஹ்வஸ் மிஸ் டெட்டோக் வஸ்ட்யோம்?" அந்த டெட்டோக்தான் டுக்கின் ஒன்றுவிட்ட அண்ணன். பொருள், விரல் நுனியால் தொட்டது மட்டுமே. ஜெர்மானியக் குடும்பத்துக்கு வெளியே இந்த வேருக்கு உறுதியான உறவு எதுவும் கிடைக்கவில்லை. லத்தீனின் தொடுதல் வினையோடு முடிச்சுப் போட ஆசைப்பட்டவர்கள் உண்டு. ஒலி விதிகள் ஒத்துழைக்கவில்லை.

தொடுவதிலிருந்து பிடிப்பது, பிடிப்பதிலிருந்து தனதாக்கிக்கொள்வது என்று பொருள் நகர்ந்தது ஸ்காண்டிநேவியாவில்தான். அங்கேயும் நிமனின் பங்காளி ஒன்று இருந்தது: நெமா. ஐஸ்லாந்தில் முதல் குடியேற்றம் நடந்த காலத்துக்கு 'லாண்ட்நாம்' என்று பெயர். நிலம் கொள்ளுதல் என்று அர்த்தம், அந்த 'நாம்' இதே வேர்தான். ஆனால் பேச்சில் டக்கா ஓங்க, நெமா ஒதுங்கியது. இன்றைய ஐஸ்லாந்து மொழியில் அது கற்றுக்கொள்வது என்ற பொருளில் பிழைத்திருக்கிறது. அதாவது டக்காவும் நெமாவும் சொந்த ஊரிலேயே ஒரு சுற்று மோதி முடித்திருந்தார்கள். ஜெயித்தவர் கடல் தாண்டி வந்து இரண்டாவது சுற்று ஆடினார்.

பண்ணைப் பேச்சுக்கு வெளியே டக்கா நிர்வாகத்திலும் நுழைந்தது. தென் இங்கிலாந்தில் மாவட்டத்துக்குக் கீழான பிரிவை 'ஹண்ட்ரட்' என்பார்கள். யார்க்ஷயர், லிங்கன்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் பக்கம் அதற்குப் பெயர் 'வாப்பன்டேக்'. நார்ஸில் வாப்னடாக் என்றால் ஆயுதத்தை எடுத்தல். ஊர்க்கூட்டத்தில் ஒரு முடிவுக்கு ஒப்புதல் தெரிவிக்க ஆயுதங்களை ஓங்கிக் காட்டுவது, அல்லது கூட்டம் முடிந்ததும் கீழே வைத்த ஆயுதங்களைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்று இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். ஜெர்மானியக் குடிகள் சபையில் ஒப்புதல் சொல்ல ஈட்டிகளை அசைத்துத் தட்டுவார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. 98 வாக்கிலேயே எழுதியிருப்பதால், முதல் விளக்கத்தில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. கையைத் தூக்கி வாக்களிப்பதன் கொஞ்சம் ஆபத்தான முன்னோடி. 1086இல் வில்லியம் மன்னர் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில் வாப்பன்டேக்குகள் வரிசையாக வருகின்றன. 19ஆம் நூற்றாண்டு வரை அந்தப் பெயர் அரசுத் தாள்களில் இருந்தது.

தோற்ற சொல்லின் மறுவாழ்வு

நிம் முழுதாகச் சாகவில்லை. அதன் எச்ச வடிவம் ஒன்று 'நம்ப்' ஆக இருக்கிறது: உணர்ச்சியற்று மரத்துப்போன நிலை. பிடிக்கப்பட்ட, குளிரோ நோயோ பறித்துக்கொண்ட உடம்பு என்பது அதன் உட்பொருள். அதே வேரில் 'நிம்பிள்': சட்டென்று பற்றிக்கொள்ளும் ஆள், அதனால் சுறுசுறுப்பானவர். பிடிபட்டவன் அசைய முடியாமல் கிடக்கிறான், பிடிக்கத் தெரிந்தவன் துள்ளுகிறான். ஒரே தாய்க்கு இப்படி இரண்டு பிள்ளைகள். இரண்டிலும் இருக்கும் 'ப்' இடையில் ஒட்டிக்கொண்டது. நம்ப்பில் அது எழுத்தோடு சரி, உச்சரிப்பில் கிடையாது.

வினையாகவும் அது கொஞ்ச காலம் பின்வாசல் வழியே நடமாடியது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் நிம் என்றால் திருடுவது, சந்துபொந்துப் பேச்சு. ஷேக்ஸ்பியர் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் ஒரு சிப்பாய்க்கு நிம் என்று பெயர் வைத்தார். அவன் கைநீளமுள்ளவன், கடைசியில் தூக்கில் தொங்குகிறான். அன்றைய பார்வையாளர்களுக்குப் பெயரைக் கேட்டவுடனே சிரிப்பு வந்திருக்கும். 1901இல் ஹார்வர்டு கணிதப் பேராசிரியர் சார்ல்ஸ் பௌட்டன், குவியல்களிலிருந்து குச்சிகளை மாற்றி மாற்றி எடுக்கும் ஒரு விளையாட்டுக்கு முழுக் கணிதத் தீர்வு கண்டு, அதற்கு நிம் என்று பெயரிட்டார். ஜெர்மனின் 'எடு' என்ற ஏவலா, பழைய ஆங்கில வினையா என்று அவர் விளக்கவில்லை. எது ஆனாலும் வேர் ஒன்றுதான்.

1066க்குப் பிறகு இங்கிலாந்தின் அரசவை பிரெஞ்சு பேசத் தொடங்கியது. பிரெஞ்சில் எடுப்பதற்கு ப்ராந்த்ர். அந்த மொழியில் விடை பெறுவது, பங்கேற்பது, இரக்கப்படுவது, எச்சரிக்கையாக இருப்பது எல்லாமே 'ப்ராந்த்ர்' கூட்டி ஒரு பெயர்ச்சொல். இருமொழி தெரிந்த குமாஸ்தாக்களும் மொழிபெயர்ப்பாளர்களும் அந்தக் கூட்டுகளை அப்படியே ஆங்கிலமாக்கினார்கள்: டேக் லீவ், டேக் பார்ட், டேக் பிட்டி, டேக் ஹீட். புதிதாக வலுப்பெற்றுக்கொண்டிருந்த வினை கைக்கு வாகாக இருந்தது. நாம் டேக்கைப் பார்த்து மிரள்வதற்குக் காரணமான பொருள்களில் பெரும் பங்கு இந்தக் காலத்துச் சேர்க்கை. எலும்பு வைக்கிங்குடையது, சதை நார்மன் பிரெஞ்சுடையது.

இந்தக் கால டேக்குக்கு இன்று நம்ப முடியாத ஒரு பொருளும் இருந்தது: கொடு. ஆமாம், எடு என்பதற்கு நேர் எதிர். விக்லிஃப் பெயரால் வழங்கும் 14ஆம் நூற்றாண்டு ஆங்கில விவிலியத்தில், லூக்கா 4:17இல், ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் புத்தகம் இயேசுவிடம் 'எடுக்கப்பட்டது' என்று வரும். டேக்கன் டு ஹிம். அவர் கையில் கொடுக்கப்பட்டது என்று பொருள். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியப் பதிப்பில் அந்த இடத்தில் டெலிவர்ட் என்று மாறிவிட்டது. ஒரு பொருளை எடுத்து இன்னொருவரிடம் கொண்டு சேர்ப்பது முழுவதையும் ஒரே வினை சுமந்திருக்கிறது. 'இந்தச் சாப்பாட்டைத் தாத்தாவிடம் கொண்டுபோய்க் கொடு' என்பதற்கு இன்றும் டேக்தானே வருகிறது? அந்தப் பழைய பொருளின் மிச்சம் அதில் தெரிகிறது.

இப்படியே போனால் ஒரு வினைக்கு எத்தனை பொருள் என்ற கணக்கு வரும். ஆக்ஸ்போர்டு அகராதி ரன் என்ற வினைக்கு 645 பொருள் கண்டது பலமுறை செய்தியாகியிருக்கிறது. அந்த எண்ணிக்கை விளையாட்டில் எனக்குப் பெரிய சுவாரசியம் இல்லை. கத்தியை வைத்துக் கூறு போட்டால் எதிலும் நூறு துண்டு வரும். சொல் தேயத்தேயத்தான் அதிகம் புழங்குகிறது என்பதே கவனிக்க வேண்டியது. டேக் எ வாக் என்னும்போது யாரும் எதையும் எடுக்கவில்லை. செயலின் சுமை முழுக்க வாக்கில் இருக்கிறது. டேக் அங்கே வெறும் கைப்பிடி.

பிடி, கொள், எடு

நம் ஊர்ப் பள்ளிகளில் டேக் என்றால் எடு என்று மனப்பாடம் செய்துவிடுகிறோம். தப்பில்லை, ஆனால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். எடு என்ற தமிழ் வினைக்கு அடிப்படையில் உயர்த்துதல், மேலே கொண்டுவருதல் என்று பொருள். கோயில் எடுப்பது, விழா எடுப்பது, பசி எடுப்பது எல்லாம் மேலெழும்புவது. பாம்பு படம் எடுத்தது கேமரா வருவதற்கு வெகு காலம் முன்பு. டேக்குக்கு உயர்த்தும் குணம் கிடையாது. அது தொட்டுப் பிடித்துத் தனதாக்கும் வினை. அதனால் நம் பிடியும் கொள்ளும்தான் அதற்கு நெருங்கிய கூட்டாளிகள்.

பாருங்கள். மதுரைக்குப் போக ரெண்டு மணி நேரம் பிடிக்கும் என்கிறோம். அங்கே ஆங்கிலத்தில் டேக். பஸ் பிடித்துப் போனான், டேக். காய்ச்சல் பிடித்துவிட்டது என்பதற்கு அவர்கள் டேக்கன் இல் என்பார்கள். அவளைப் பார்த்ததும் அவனுக்குப் பிடித்துப்போயிற்று என்ற இடத்தில் டேக்கன் வித் ஹெர். நேரம், வண்டி, நோய், காதல் என்ற நாலு தூரத்துப் பொருள்கள், இரண்டு மொழியிலும் ஒரே வரிசையில்! யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. பற்றுதல் என்ற உடல் அனுபவம் எங்கே போனாலும் இதே சந்துகளில்தான் திரும்பும் போலிருக்கிறது.

கொள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. பெண் கொள்வது, விலைக்குக் கொள்வது என்று முழு வினையாக இருந்தது, இப்போது பெரும்பாலும் துணைவினை. பார்த்துக்கொள், வைத்துக்கொள், எடுத்துக்கொள். பேச்சில் அதுவும் தேய்ந்து 'பாத்துக்கோ' ஆகிவிட்டது. கொண்டு என்ற எச்சமோ வேற்றுமை உருபு போலவே நிற்கிறது: கத்தியைக் கொண்டு வெட்டினான். கத்தியை எடுத்து வெட்டினான் என்பது, கத்தியால் வெட்டினான் என்றாகிவிடுகிறது. இதே பாதையில் நம்ம டேக்கும் ஒரு இடத்தில் போயிருக்கிறது. லண்டனில் இல்லை, நைஜீரியாவில். அங்கே கோடிக்கணக்கானோர் பேசும் பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலத்தில் கத்தியால் ரொட்டி வெட்டினான் என்பதை 'டேக் நைஃப் கட் பிரெட்' என்ற பாணியில் சொல்வார்கள். கத்தி கொண்டு வெட்டினான் என்று அப்படியே தமிழில் எழுதலாம். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் இந்தக் கட்டமைப்பு பழையது. வைக்கிங்கின் வினையை அவர்கள் தங்கள் இலக்கணத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

எடு பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆங்கிலம் படித்துப் படித்து நம் எடுவும் டேக்கைப் போல ஆகிவருகிறது. 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற அரசாணை வாசகத்தின் முதுகில் ஆங்கில வாசனை அப்பட்டம். முடிவு செய்வதைவிட முடிவு எடுப்பது அதிகமாகிவிட்டது. ஓய்வு எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், வகுப்பு எடுக்கிறோம். இதில் தூய்மை பார்த்துக் கோபப்படுபவர்களோடு நான் பாதி தூரம்தான் போவேன். 'குளியல் எடுத்தான்' என்று விளம்பரத்தில் வந்தால் எனக்கும் எரிச்சல்தான், குளித்தான் என்ற நல்ல சொல் இருக்கும்போது. ஆனால் ஆங்கிலமே பிரெஞ்சைப் பார்த்து இதைத்தான் செய்தது. முடிவு விஷயத்தில் ஆங்கிலேயர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பது வேறு கதை: பிரிட்டனில் டேக் எ டிசிஷன் சகஜம், அமெரிக்காவில் மேக்தான் காதுக்கு இயல்பு.

முன்னொட்டும் பின்னொட்டும்

டேக்கைக் கற்கிறவர்களைக் கதறவைப்பது அதன் பின்னால் வரும் சிறு சொற்கள். டேக் ஆஃப், டேக் ஆன், டேக் இன், டேக் அப், டேக் ஓவர். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சிறு சொல் வினைக்கு முன்னால் ஒட்டும், இன்றைய ஜெர்மனில் பல வினைகளில் ஒட்டுவது போல. அண்டர்நிமன் என்று ஒரு வினை இருந்தது. நிமன் போய் டேக் வந்ததும் அது அண்டர்டேக் ஆனது. பொறுப்பேற்றல் என்று பொருள். ஓவர்டேக்கும் அந்தப் பழைய அச்சில் வார்த்ததே; துரத்திப்போய் எட்டிப் பிடிப்பது அதன் ஆரம்பப் பொருள். பிறகு ஆங்கிலத்தின் பழக்கம் மாறியது, சிறு சொல் பின்னால் போயிற்று. புதிய அச்சில் டேக் ஓவர் வந்தது, பொருளும் வேறு: ஒரு கம்பெனியைக் கைப்பற்றுவது. ஒரே இரண்டு சொற்கள், இடம் மாறினால் லாரியை முந்துவதும் கம்பெனியை விழுங்குவதுமாகப் பிரிந்து நிற்கின்றன.

அண்டர்டேக்கர் கதி இன்னும் வினோதம். எந்த வேலையையும் பொறுப்பேற்றுச் செய்பவர், ஒப்பந்தக்காரர் மாதிரி, என்றுதான் அதற்கு முதலில் அர்த்தம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறுதிச் சடங்கை ஏற்று நடத்துபவர்களையும் அப்படி அழைத்தார்கள். சாவு என்ற சொல்லை வாயில் எடுக்காமல் காரியம் முடிக்க வசதியாக இருந்திருக்கும். அந்தப் பொருள் ஒட்டிக்கொண்டதும் மற்ற ஒப்பந்தக்காரர்கள் மெல்ல அந்தப் பெயரைக் கைகழுவிவிட்டார்கள்.

மிஸ்டேக்கில் மட்டும் ஆங்கிலத்தின் உழைப்பு சிறிதும் இல்லை. நார்ஸிலேயே மிஸ்டக்கா உண்டு, தப்பாக எடுத்துக்கொள்வது. முன்னொட்டோடு அப்படியே இறங்கியது. ஆங்கிலத்தில் முதலில் வினையாகத்தான் புழங்கியது. பிழை என்ற பெயர்ச்சொல் 17ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது.

நம் ஊரில் இந்தக் குடும்பம் வேறு வழியில் நுழைந்திருக்கிறது. ஷூட்டிங்கில் ஒரே டேக்கில் ஓகே, கம்பெனி டேக் ஓவர், சின்ன மிஸ்டேக் எல்லாம் பெயர்ச்சொல். சாப்பாட்டுக் கடையில் டேக் அவே என்று போர்டு இருந்தாலும் வாயில் வருவது பார்சல்தான். வினையாக வேண்டுமென்றால் பண்ணு இல்லாமல் ஆகாது: 'வளைவுல ஓவர்டேக் பண்ணாதீங்க' என்கிறோம். சமஸ்கிருதத்திலிருந்து வந்தவற்றுக்குச் சிந்தி, தியானி, ஜெபி என்று ஓர் 'இ' போட்டு உள்ளே விட்டது தமிழ்; ஆங்கிலத்துக்கு அந்த 'இ'யும் இல்லை. டுக் தன் இறந்தகாலத்தோடு ஆங்கிலத்துக்குள் நடந்துபோனது போல ஓர் ஆங்கில வினையும் தமிழ் விகுதியை நேராக ஏற்று நம் எழுத்துக்குள் வரவில்லை. 'அவன் வண்டியை ஓவர்டேக்கினான்' என்று இதுவரை யாரும் கேலிக்குத்தான் எழுதியிருப்பார்கள்.